உபுண்டு அப்டேட்டுக்குப் பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்ட் ஃபோல்டர் மவுண்ட் ஆகவில்லை

ஐசிடி_அக்கரைப்பற்று:
ஸலாம், வணக்கம் எல்லாருக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஐசிடி வகுப்பு எடுக்கிறேன். விண்டோஸ் கணினிகளில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் உபுண்டு 22.04 ஓடுகிறது, பிள்ளைகள் எழுதும் பைத்தன் ஃபைல்கள் எல்லாம் விண்டோஸ் பக்கத்து ஷேர்ட் ஃபோல்டரில்தான் இருக்கும். உபுண்டு அப்டேட் கேட்டது, கொடுத்தேன், கேர்னல் (உபுண்டுவின் மையப் பகுதி) 6.5க்குப் போய்விட்டது, அன்றிலிருந்து அந்த ஃபோல்டர் வருவதே இல்லை. கையால் மவுண்ட் செய்தால், அதாவது ஃபோல்டரை உபுண்டுவோடு இணைத்தால், 'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஒப்ஷன்' என்று நீளமாகச் சொல்கிறது. விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0.14, உபுண்டுவுக்குள் இருக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் (விண்டோஸோடு ஃபோல்டர் பகிர உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருள்) 6.1 காலத்தில் போட்டது. உபுண்டுவை அழித்துப் புதிதாகப் போட வேண்டுமா? டொங்கிள் டேட்டாவில்தான் எல்லா வேலையும். பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகளின் ஃபைல்கள் போய்விடுமோ என்பதுதான் பெரிய கவலை.

கல்முனை_நெட்:
கெஸ்ட் அடிஷன்ஸைத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுங்க நானா, சரியாகிவிடும்.

பாடுமீன்:
சேர், முதலில் கவலையை விடுங்கள். ஃபைல்கள் விண்டோஸ் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன, விண்டோஸில் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், அப்படியே இருக்கும். உபுண்டு அதை எட்டிப் பார்க்கும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

கல்முனைத் தம்பி சொன்னது பிழை இல்லை, ஆனால் பழையதன் மேலேயே புதியதைப் போட்டால் மறுகா இதே தலையிடிதான். நடப்பது என்னவென்றால், விபாக்ஸ்எஸ்எஃப் என்ற ஃபைல் சிஸ்டம் டிரைவர் இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று கெஸ்ட் அடிஷன்ஸ் தானே பில்ட் செய்து (அந்தக் கேர்னலுக்கு ஏற்றபடி கட்டி) போடுவது. மற்றது லினக்ஸ் கேர்னலோடு சேர்ந்தே வருவது, 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. உங்கள் பழைய அடிஷன்ஸால் 6.5 கேர்னலுக்கு டிரைவரைப் பில்ட் செய்ய முடியாமல் போயிருக்கும், அதனால் கேர்னலின் சொந்த டிரைவர் ஏறியிருக்கும். ஆனால் மவுண்ட் செய்ய உதவும் சின்ன புரோகிராம், அதாவது மவுண்ட் புள்ளி விபாக்ஸ்எஸ்எஃப், இன்னும் பழைய அடிஷன்ஸுடையது. அது பழைய முறையில் தகவலை அனுப்புகிறது, புது டிரைவர் ஏற்க மறுக்கிறது.

ஊகத்தில் வேலை செய்யாதீர்கள். மவுண்ட் செய்து பார்த்த கையோடு டிமெஸ்க் (கேர்னலின் செய்திகளைக் காட்டும் கொமாண்ட்) அடித்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். 'ஓல்ட் பைனரி மவுண்ட் டேட்டா நொட் சப்போர்ட்டட்' என்று இருந்தால் இதேதான். அவசரத்துக்கு மவுண்ட் கொமாண்டில் ஹைபன் ஐ (-i) சேர்த்துப் பாருங்கள், அந்த உதவிப் புரோகிராமைத் தொடாமல் நேரே கேர்னல் டிரைவரிடம் போகும்.

ஐசிடி_அக்கரைப்பற்று:
அண்ணன், டிமெஸ்க்கில் அதே வரி! ஹைபன் ஐ போட்டதும் ஃபோல்டர் திறந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒவ்வொரு நாளும் கையால் அடிக்க முடியாதே, நிரந்தரமாக என்ன செய்வது?

பாடுமீன்:
நல்லது. முதலில் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னப்ஷொட் (பிழைத்தால் திரும்பிவர இப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். அப்புறம் ஒப்ட் ஃபோல்டருக்குள் பழைய அடிஷன்ஸின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதிலுள்ள அன்இன்ஸ்டோல் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், உபுண்டு களஞ்சியத்திலிருந்து வந்த விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் பக்கேஜ்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். பிறகு 7.0.14இன் அடிஷன்ஸைப் போடுங்கள். அந்த ஐஎஸ்ஓவுக்கு (அடிஷன்ஸ் அடங்கிய டிஸ்க் ஃபைல்) டேட்டா செலவழிக்கத் தேவையில்லை, விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கும் ஃபோல்டரிலேயே கூட வந்திருக்கும், டிவைசஸ் மெனுவில் செருகினால் போதும். டிரைவரைப் பில்ட் செய்யத் தேவையான கேர்னல் ஹெடர்ஸ் மட்டும் இறக்க வேண்டி வரும்.

ஒலுவில்காரன்:
இடையில் ஒன்று. 22.04இல் இந்த 6.5 கேர்னல் ஜிசிசி 12 என்ற கொம்பைலரால் கட்டப்பட்டது, உபுண்டு வழமையாகத் தருவதோ ஜிசிசி 11. ஜிசிசி 12ஐயும் போடாவிட்டால் பில்ட் பாதியில் விழும். என்ன குறை என்று வார் லொக் ஃபோல்டரில் விபாக்ஸ்ஆட் செட்டப் லொக் சொல்லும், அதைப் படிக்காமல் திரும்பத் திரும்ப இன்ஸ்டோல் செய்து பலனில்லை. முடிந்ததும் கட்டாயம் ரீபூட். டிரைவர் விவரம் சொல்லும் மோட்இன்ஃபோ கொமாண்ட் காட்டுவது டிஸ்க்கில் உள்ள டிரைவரைத்தான், மெமரியில் பழையது ஓடிக்கொண்டிருக்கலாம். ரீபூட்டுக்குப் பிறகு மோட்இன்ஃபோவில் பாதை மிஸ்க் ஃபோல்டர் என்றும் பதிப்பு 7.0.14 என்றும் வந்தால் சரி.

என் கருத்து, ஷேர்ட் ஃபோல்டர் மட்டும்தான் தேவையென்றால் ஐஎஸ்ஓவையே விட்டுவிட்டு உபுண்டுவின் சொந்த கெஸ்ட் பக்கேஜோடு இருப்பது நல்லது. கேர்னல் மாறும்போது டிரைவரும் கேர்னலோடு சேர்ந்தே வரும். இரண்டையும் கலப்பதுதான் கூடாது.

ஐசிடி_அக்கரைப்பற்று:
ஜிசிசி 12 இல்லாமல்தான் முதலில் நின்றது, லொக்கில் அப்படியே எழுதியிருந்தது. போட்டதும் பில்ட் ஆனது, ரீபூட்டுக்குப் பிறகு பதிப்பு 7.0.14 காட்டுகிறது, ஃபோல்டர் தானாக வருகிறது. பிள்ளைகளின் கணக்கில் மட்டும் திறக்க அனுமதி இல்லை என்கிறது.

பாடுமீன்:
அந்தக் கணக்குகளை விபாக்ஸ்எஸ்எஃப் குரூப்பில் சேருங்கள், லொக்அவுட் செய்து திரும்ப உள்ளே போகச் சொல்லுங்கள். மற்றக் கணினிகளில் ஒலுவில்காரன் சொன்ன வழியைப் பாருங்கள் சேர், வகுப்புக்கு அதுதான் லேசு.