மறு: டோமோகிராஃபிக்கு ‘வெட்டுவரைவியல்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

பொருளின் உள்ளமைப்பைப் படமாக்கும் முறையான டோமோகிராஃபிக்கு (சி.டி. ஸ்கேன் இதில் ஒரு வகை) ‘வெட்டுவரைவியல்’ பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். அது வேர்ப்பொருளுக்குப் பழுதில்லாத சொல். கிரேக்க ‘டோமோஸ்’ சீவலைக் குறிக்கும், ‘கிராஃபைன்’ வரைவதை. மருத்துவத்தில் அது நிற்கும். உலோகம், பீங்கான், கூட்டுப்பொருள் என்று வரும்போதுதான் இடறுகிறது. பொருளறிவியலில் வெட்டு என்றால் மெய்யாகவே வெட்டு: மாதிரியை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, அமிலத்தில் அரித்து, பிறகு நுண்ணோக்கியில் வைப்போம். அந்தப் பாடு எதுவுமின்றி உள்ளே பார்க்கத்தான் எக்ஸ் கதிர் சி.டி.யைத் தேடிப்போகிறோம். ஒரே கட்டுரையில் இரண்டு முறையும் அருகருகே வரும்; ‘வெட்டுப்படம்’ எதைச் சொல்கிறது என்று வாசகர் ஒவ்வொரு தடவையும் நின்று யோசிப்பார்.

முன்மடலில் வந்த ‘அடுக்குப்படம்’ காதுக்கு இனிமை. ஆனால் உலோகத்தூளை அடுக்கடுக்காக உருக்கிக் கட்டும் முப்பரிமாண அச்சுப் பொருள்கள் சி.டி.க்குள் நிறையப் போகின்றன. அங்கே அடுக்கு பொருளிலேயே இருக்கிறது, படத்தில் அல்ல. ‘தளப்படம்’ என்றால், படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அமைந்த படிகத்தளம் குறுக்கே வந்து நிற்கும்.

இன்னொன்று. 1971-இல், சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையை மெல்லிய கற்றையால் சீவல் சீவலாகத்தான் எடுத்தது. இன்றைய ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் அப்படியல்ல. கூம்பாக விரியும் கற்றையில் மாதிரி சுழல்கிறது; நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் நிழற்படங்கள் சேர்கின்றன; அவற்றிலிருந்து முழுக் கனஅளவையும் கணக்கிட்டு மீட்கிறோம். சீவல் என்பது பிறகு திரையில் நாம் விரும்பிய கோணத்தில் போட்டுக்கொள்வது. ஆகவே என் பரிந்துரை: கனப்படம், கனப்படவியல். முன்னொட்டை மாற்றினால் நியூட்ரான் கனப்படமும் எலக்ட்ரான் கனப்படமும் கிடைத்துவிடும். சி.டி.யின் முதல் எழுத்தான ‘computed’-க்கு ‘கணித்த’ என்ற அடை தேவையில்லை. இங்கே கணிக்காமல் படமே கிடையாது. ‘சிதைக்காத’ என்பதையும் உள்ளே திணிக்க வேண்டாம். அணுமுனை (atom probe) முறையில் மாதிரி அணு அணுவாகக் கழன்றே போகிறது, அதுவும் டோமோகிராஃபிதான்.

முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறு கன அலகான வாக்ஸலுக்குக் ‘கனவணு’ என்று எழுதியிருந்தீர்கள். நான் முதலில் கனவு என்றே படித்தேன்! அதைவிடப் பெரிய சிக்கல் ‘அணு’. ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள அலுமினிய வாக்ஸலுக்குள் ஏறத்தாழ 6,000 கோடி அணுக்கள் உள்ளன. ‘கனப்புள்ளி’ போதும். புள்ளிக்கு ஏது பக்கம் என்று வடிவியல்காரர் கேட்பார். படப்புள்ளிக்கும் பக்கம் ஏது, பழகிவிடவில்லையா?

நான் உண்மையில் சண்டைபோட விரும்புவது, பொருளுக்குள் இருக்கும் சிறு வெற்றிடத்துக்கு (pore) வழங்கும் ‘நுண்துளை’யோடு. துளை என்றால் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வரலாம் என்ற எண்ணம் எழும். வார்ப்புக்குள் அடைபட்டுக் கிடக்கும் வெற்றிடத்துக்கு வாயே இல்லை. தமிழில் இதற்கென்றே ‘புரை’ இருக்கிறது: உட்குழிவு, குற்றம் இரண்டையும் சுட்டும். மேலே பார்க்க நன்றாக இருந்து உள்ளே கெட்டதைப் புரையோடியது என்கிறோமே, அதுதான். சி.டி. படத்தில் வடிவத்தைக் கொண்டே இவற்றின் காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். உருண்டையாக இருந்தால் சிக்கிய வாயு: வளிப்புரை. உறையும்போது சுருங்கி, கிளைபரப்பி ஒழுங்கற்றுக் கிடந்தால் சுருக்கப்புரை. அச்சுப் பொருளில் அடுக்குகளுக்கிடையே தட்டையாக, கூர்முனையோடு இருந்தால் உருகாப்புரை. பெரும்பாலும் விரிசல் தொடங்குவதற்கு இந்தக் கடைசி வகைதான் ஏற்ற இடம். பொருளில் இத்தகைய வெற்றிடம் எவ்வளவு என்பதைச் சொல்லும் போரோசிட்டிக்குப் புரைமை. வெளியே திறந்தவற்றுக்கு மட்டும் ‘துளை’யை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று எனக்கும் பிடிபடவில்லை. அலுமினியத்தின் அணு எண் 13, சிலிக்கானுக்கு 14; கதிரை உறிஞ்சுவதில் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. அதனால் அலையின் ஃபேஸ் மாற்றத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள். பிரிக்கப்படுவதும் ஃபேஸ் (கலவைக்குள் தனித்து நிற்கும் பொருட்பகுதி), பிரிக்க உதவுவதும் ஃபேஸ் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது). ‘கட்ட வேறுபாட்டால் கட்டங்களைப் பிரித்தோம்’ என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். அலைக்குக் ‘கட்டம்’ இருக்கட்டும். பொருளுக்கு ‘நிலைமை’ என்று வைத்தால் ஒப்புவீர்களா?