'கேப்சூல்' என்பதற்கு ஒரு சொல்: வியாழன் மாலைக்குள்

மு. | திங்கள், காலை 9.10

அன்புடையீர்,

மலிவு விலைக் கண்டென்சர் மைக்கைத் திறந்து அதன் ஒலியைச் சீராக்குவது பற்றிய எட்டுப் பக்கச் செய்முறைத் தாள், தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக, வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். வரைவு இப்படி:

"பழைய மின்தேக்கியைக் கழற்றி 25 மி.மீ. மின்தேக்கியைப் பொருத்துக. பிறகு பலகையில் உள்ள பீங்கான் மின்தேக்கிகளை நீக்கிப் பாலிபுரொப்பிலீன் மின்தேக்கிகளை இடுக."

முதல் வரியில் சொல்வது மைக்கின் தலைக்குள் வட்டமாக இருக்கும் கேப்சூலை. உலோகம் பூசிய மெல்லிய படலம், எதிரே துளையிட்ட நிலைத்தகடு, இடையே மயிரிழைக் காற்று. ஆகவே அதுவும் மின்தேக்கிதான் (கெப்பாசிட்டர்). இயற்பியல் பிழையில்லை. ஆனால் இதைப் படிக்கும் மாணவர் எதைக் கழற்றுவார்?

கேப்சூலுக்கு ஒரு சொல் வேண்டும். கருவியைப் பிரித்து மேம்படுத்துவதைப் பட்டறையில் 'மாட்' என்கிறார்களே, முடிந்தால் அதற்கும் ஒன்று.

மு.

சொ. அ. | திங்கள், பகல் 11.42

மு. ஐயா அவர்களுக்கு,

மூலத்தைப் பார்த்துவிடுவோம். இலத்தீனில் காப்சா என்றால் பெட்டி. காப்சுலா சின்னப் பெட்டி. மருந்துக்காரர் கையில் அது குளிகை ஆகிவிட்டதால் நாமும் குளிகை என்றால் மாணவர் விழுங்கப் பார்ப்பார்.

தமிழில் சின்னப் பெட்டிக்குச் 'செப்பு' என்று பழஞ்சொல் இருக்கிறது. சிறுபெண்கள் வைத்து விளையாடுவதும் செப்பு. செப்புதல் என்றால் சொல்லுதல். தொல்காப்பியக் கிளவியாக்கம் 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்கிறதே, அங்கே விடை என்ற பொருள். பேச்சை வாங்கும் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? பெட்டியும் அதுவே, பேச்சும் அதுவே. 'ஒலிச்செப்பு'.

இரண்டாவதற்குச் 'செப்பனிடல்'.

சொ. அ.

த. | திங்கள், பகல் 12.30

> ஒலிச்செப்பு

ஐயா, நான்காம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. உங்கள் சொல்லைப் போட்டால்: "செப்பின் நடுமுனையில் செப்புக் கம்பியைப் பற்றவைக்க."

செப்பனிடல் உடைந்ததற்குச் செய்வது. இங்கே எதுவும் உடையவில்லை, கடையில் வாங்கிய அன்றே பிரிக்கிறோம்.

மு., வரைவில் சொல்லைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பீங்கான் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லாதீர்கள். சமிக்ஞை போகும் வழியில் இருக்கும் எக்ஸ்7ஆர் வகையைத்தான் மாற்ற வேண்டும். அதன் கொள்ளளவு மின்னழுத்தத்தோடு மாறும். அதிர்வு பட்டால் அதுவே மின்னழுத்தம் தரும், பேனாவால் பலகையைத் தட்டினாலே பதிவில் கேட்கும். சி0ஜி வகைக்கு இந்தக் கோளாறு இல்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மின்வழங்கல் தடத்தில் இருப்பதையும் தொட வேண்டாம்.

ப. ந., யாழ்ப்பாணம் | திங்கள், மாலை 6.05

வணக்கம்.

இங்கே பாடநூலில் கொள்ளளவி என்றுதான் படிப்பிக்கிறோம். மின்தேக்கி என்று எழுதினால் எங்கட பிள்ளைகள் நீர்த்தேக்கம் மாதிரி ஏதோ என்று நினைப்பினம். தாள் இரண்டு கரைக்கும் போவதென்றால் அடிக்குறிப்பாவது போடுங்கோ.

'மாட்' என்பதற்குத் திருத்தம் என்று யாரும் சொல்லிவிட முன்னம் ஒன்று: இங்கே வாகனம் திருத்துமிடம் என்றால் பழுதுபார்க்கும் இடம். அங்கே அச்சுப்பிழை திருத்துவது. இரண்டும் இதற்குப் பொருந்தாது. 'மாற்றியமைத்தல்' நீளமென்றாலும் யாருக்கும் விளங்கும்.

'ஒலிவாங்கி' இங்கே வானொலியிலேயே ஊறிப்போன சொல். மைக், மைக் என்று எழுதுவதைக் குறைத்தால் நல்லது.

கா. | திங்கள், இரவு 9.50

சங்கப் பாட்டில் முழவின் அடிக்கும் முகத்துக்குக் 'கண்' என்று பெயர். அதன்மேல் பூசும் கருஞ்சாந்து மார்ச்சனை. தோலை இழுத்துக் கட்டி, சாந்தால் எடை ஏற்றி, எந்தச் சுருதியில் அதிர வேண்டும் என்று கணக்குப் பார்த்தவர்கள் நம்மவர்கள். ஒலிவாங்கியின் படலமும் இழுத்துக் கட்டிய தோல்தானே? அடித்தால் பேசுவது முழவு, பேசினால் அடிவாங்குவது இது. ஆகவே 'ஒலிக்கண்'.

படலத்தை 'உதரவிதானம்' என்று எழுதும் சில நூல்களைப் பார்க்கிறேன். உதரம் வயிறு. மைக்குக்கு வயிறு எங்கே வந்தது?

த. | செவ்வாய், காலை 7.15

கா. அம்மா, சொல் அழகுதான். ஆனால் வலைக்கண், சல்லடைக்கண் என்றும் ஒரு கண் இருக்கிறது. இந்த மைக்கின் தலையில் மூன்று அடுக்குக் கம்பிவலை இருக்கிறது. உள்ளடுக்கு நெருக்கமான வலையை எடுத்துவிட்டால் மேல்சுருதி கொஞ்சம் திறக்கும், பதிலுக்கு 'ப', 'ப்பா' ஒலிகளின் ஊதல் கூடும். வெளியடுக்கை எடுக்கக் கூடாது, வானொலிக் குறுக்கீட்டைத் தடுப்பது அதுதான். அது உடலோடு மின்தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். இந்தப் பத்தியில் "கண்ணை எடுக்க" என்று எழுதினால் எந்தக் கண்?

படலம் போதும். உதரவிதானத்தை மருத்துவருக்கே விட்டுவிடலாம்.

இ. | செவ்வாய், காலை 10.20

'சிமிழ்' ஏன் யாருக்கும் தோன்றவில்லை? காப்சுலாவுக்கு நேர். கைக்குள் அடங்கும், வட்டம், மூடி உண்டு. குங்குமச் சிமிழை அறியாத வீடு இல்லை. 'ஒலிச்சிமிழ்' எனலாம்; ஒருமுறை சொன்ன பிறகு வெறும் சிமிழ் போதும்.

வி. | செவ்வாய், காலை 10.41

கடையில் போய்ச் சிமிழ் கேட்டால் குங்குமத்தோடு தருவான். கேப்சூல் என்றே போடுங்கள். எஃப்.இ.டி. டிரான்சிஸ்டரை ஃபெட் என்கிறீர்கள், மைக் கம்பி வழியே மின்சாரம் தரும் பாண்டம் பவரைப் பாண்டம் என்கிறீர்கள், கேப்சூல் மட்டும் என்ன பாவம் செய்தது?

சொ. அ. | செவ்வாய், பகல் 2.00

சிமிழை ஏற்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒற்று வருமா, வராதா? ஒலிபெருக்கியில் ப் இல்லையே. அதைப் பார்த்து மாணவர் 'ஒலிசிமிழ்' என்று எழுதுவார்.

இ. | செவ்வாய், பகல் 3.35

வரும். ஒலியை வாங்கும் சிமிழ், ஒலிச்சிமிழ். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஆகவே வலி மிகும். தயிர்க்குடம் மாதிரி. ஒலிபெருக்கியில் உருபு மட்டுமே மறைந்து வினை நேரே வருகிறது. 'கனி பறித்தான்' என்பதில் மிகாததுபோல் அங்கும் மிகாது.

ஒற்றை விட்டுவிட்டால் வினைத்தொகை ஆகிவிடும்: ஒலித்த, ஒலிக்கின்ற, ஒலிக்கும் சிமிழ். அது ஸ்பீக்கர். ஒரு ச் போனால் கருவியே தலைகீழ்.

த. | செவ்வாய், இரவு 11.05

சொல் நிற்குமா என்று பார்க்க வரைவில் போட்டுப் படிப்பதுதான் வழி. ஐந்தாம் பக்கத்தைச் 'சிமிழ்' போட்டு எழுதிப் பார்த்தேன். மு., பிடித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

"48 வோல்ட் பாண்டத்தைத் துண்டித்து ஒரு நிமிடம் கழித்தே ஒலிவாங்கியைத் திறக்கவும். பிஎம்-800 என்ற ஒரே பெயரில் பல பட்டறைச் சரக்கு வருகிறது. உட்சுற்று ஒன்றுபோல் இருக்காது. பெரும்பாலும் அகலமான தலைக்குள் ஒரு சின்ன எலக்ட்ரெட் சிமிழ்தான் (மின்னூட்டம் நிலையாகத் தங்கிய வகை) இருக்கும். ஃபெட் பலகையில் இருக்கிறதா, பழைய சிமிழுக்குள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். பலகையில் இருந்தால் டிஎஸ்பி-2555 போன்ற 25 மி.மீ. சிமிழை நேரே மாற்றலாம். உள்ளே இருந்தால், புதிய சிமிழில் ஃபெட் கிடையாதாகையால், பலகையில் ஒரு ஜே305 ஃபெட்டும் 1 கிகா ஓம் மின்தடையும் சேர்க்க வேண்டும்.

1 கிகா ஓம் எதற்கு? சிமிழின் கொள்ளளவு 60 பிகோஃபாரட் என்று கொண்டால் கீழ்வெட்டு (அதற்குக் கீழான ஒலி குறையத் தொடங்கும் எல்லை) 2.7 ஹெர்ட்ஸில் விழும். கிடைக்கவில்லை என்று 100 மெகா ஓம் போட்டால் 27 ஹெர்ட்ஸ். அதோடு மின்தடையின் வெப்ப இரைச்சலும் காதுக்கு எட்டும் எல்லைக்குள் ஏறிவிடும். சாதாரண மல்ட்டிமீட்டரில் 1 கிகா ஓமை அளக்க முடியாது. மீட்டர் 'திறந்த சுற்று' காட்டினால் மின்தடை கெட்டதென்று எறிந்துவிட வேண்டாம்.

ஃபெட்டின் கேட் காலைப் பலகைத் துளையில் செருகாமல் மேலே தூக்கி, சிமிழ்க் கம்பியையும் மின்தடையையும் காற்றிலேயே அதனோடு சேர்க்கவும். இந்த இணைப்பில் விரல் எண்ணெயோ ஃபிளக்ஸ் கறையோ பட்டால் அது 1 கிகா ஓமுக்கு இணையான இன்னொரு வழியாகும். வெயில் காலத்தில் தெரியாது. காற்றில் ஈரம் ஏறியதும் அப்பளம் பொரிப்பதுபோல் ஒலிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தூரிகையும் கொண்டு துடைக்கவும், சிமிழின் படலத்தில் ஒரு சொட்டும் படாமல்.

சிமிழ் முனையில் சூட்டுக்கோலை மூன்று நொடிக்கு மேல் வைக்க வேண்டாம்; எலக்ட்ரெட்டில் தங்கியிருக்கும் மின்னூட்டம் சூட்டில் வடியும். சிமிழைப் பிடிப்பில் ஒட்டும்போது பசை அதன் பின்துளைகளை அடைக்கக் கூடாது. அடைத்தால் முன்னால் மட்டும் கேட்க வேண்டிய சிமிழ் நாலா பக்கமும் கேட்கும், மின்விசிறியையும் சேர்த்து.

கடைசியாக ஃபெட்டின் நிலைப்புள்ளி. சோர்ஸ் பக்கத்து மின்தடைக்குப் பதில் ஒரு ட்ரிம்பாட் (திருகி அளவை மாற்றும் மின்தடை) இட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைச் சிறு மின்தேக்கி வழியே கேட்டுக்குக் கொடுத்து அளவை ஏற்றவும். அலைகாட்டியில் மேல்முகடும் கீழ்முகடும் ஒருசேர வெட்டுப்படும் இடத்தில் ட்ரிம்பாட்டை நிறுத்தவும்."

சிமிழ் எங்கும் இடறவில்லை. மின்தேக்கி, சிமிழ் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தும் குழப்பமில்லை.

ப. ந. | புதன், காலை 6.30

நல்ல விளக்கம். ஒரு சந்தேகம்: எலக்ட்ரெட் இல்லாத 34 மி.மீ. பெரிய சிமிழ் போட்டால் என்ன என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பினம்.

த. | புதன், காலை 8.00

போடலாம், ஆனால் அதற்கு வெளியிலிருந்து முனைவாக்க மின்னழுத்தம் தர வேண்டும். பாண்டத்தின் 48 வோல்ட் முழுதாகக் கிடைக்காது. இரண்டு 6.8 கிலோ ஓம் மின்தடைகள் இணையாக நிற்பதால் 3.4 கிலோ ஓம். சுற்று 3 மில்லியாம்பியர் இழுத்தால் 10 வோல்ட் அங்கேயே போய்விடும். மீதி 38. அதே சிமிழுக்கு 60 வோல்ட் கொடுப்பதைவிட உணர்திறன் 4 டெசிபெல் குறையும்.

இன்னொன்று: சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய சிமிழ்களில் பல, ஜெர்மன் நிறுவனமான நாய்மனின் கே67 சிமிழ் அமைப்பின் நகல்கள். 1960-இல் வந்த அவர்களின் யு67 ஒலிவாங்கியில் அந்தச் சிமிழின் மேல்சுருதி ஏற்றத்தைப் பின்னால் வரும் சுற்று திட்டமிட்டே குறைத்தது. நகல்காரர் சிமிழை எடுத்துக்கொண்டு அந்தக் குறைப்பை விட்டுவிட்டார். மலிவு ஒலிவாங்கிகளில் 'ச', 'ஸ' கீச்சிடுவது இதனால்தான். சிமிழைக் கே47 வகைக்கு மாற்ற வேண்டும், அல்லது சுற்றில் குறைப்பைச் சேர்க்க வேண்டும். மின்தேக்கியின் பிராண்டை மாற்றி இது தீராது.

சொ. அ. | புதன், காலை 11.15

நடுவே 'எலக்ட்ரெட்' ஓசைப்படாமல் நுழைந்துவிட்டதே! 1885-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹெவிசைட் மேக்னெட்டின் வாலை வெட்டி எலக்ட்ரிக்கோடு ஒட்டிச் செய்த சொல் அது. அப்படி ஒட்டும் துணிச்சல் நமக்கும் வேண்டாமா? காந்தத்தின் வாலை வெட்டினால் மின் + ஆந்தம், 'மின்னாந்தம்'.

கண்டென்சரும் அப்படியே. வோல்ட்டா 1782-இல் மின்சாரம் அடர்ந்து செறிகிறது என்று நினைத்து வைத்த பெயர். கண்டென்சர் மைக்கை உருவாக்கிய வென்ட் 1917-இல் அதைப் பற்றி எழுதியபோதும் அதே பெயர்தான். மின்னியலாரோ பிறகு கெப்பாசிட்டருக்கு மாறிவிட்டார்கள். மைக்காரர்கள் மட்டும் பழைய பெயரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஆகவே 'செறிவி ஒலிவாங்கி' என்றால்…

வி. | புதன், காலை 11.19

மின்னாந்தமா, மின்னாந்தையா? நாளை அச்சு ஐயா.

கா. | புதன், பகல் 1.40

'நிலைமின்னி' என்று வேண்டுமானால் பின்னால் பேசலாம். இப்போதைக்கு எலக்ட்ரெட் இருக்கட்டும். ஒலிக்கண்ணை நான் விட்டுக்கொடுக்கிறேன். வலைக்கண் வாதம் சரி.

மு. | வியாழன், காலை 10.00

அனைவருக்கும் நன்றி. இழையை எண்ணிப் பார்த்தேன். சிமிழுக்கு நான்கு, செப்புக்கு ஒன்று, கேப்சூலுக்கு ஒன்று. ப. ந. சிமிழுக்கு மறுப்பில்லை என்று தனிமடலில் எழுதினார். அதையும் நான்கில் சேர்த்திருக்கிறேன்.

அச்சுக்குப் போவது: முதல் இடத்தில் 'ஒலிச்சிமிழ் (கேப்சூல்)', பிறகு சிமிழ். 'மாற்றியமைத்தல்'. எலக்ட்ரெட் அப்படியே. மின்தேக்கிக்கு அடிக்குறிப்பில் கொள்ளளவி. பீங்கான் பற்றிய வரியைத் த. சொன்னபடி திருத்தியாயிற்று.

மு.

சொ. அ. | வியாழன், மாலை 4.48

அச்சகத்துக்குப் போய்விட்டதா? செப்பைத் தள்ளியதற்கு இருக்கும் ஒரே காரணம் நான்காம் பக்கத்துச் செப்புக் கம்பிதான். அங்கே 'தாமிரக் கம்பி' என்று மாற்றிவிட்டால் தடை நீங்கும்.

இ. | வியாழன், மாலை 5.02

தாமிரம் வடசொல் ஆயிற்றே ஐயா.