ஐந்து வயதுப் பையன் ஜட்டியிலேயே போகிறான்: விளக்கெண்ணெயா, பவுடரா?

செந்தூல் அம்மா:
இந்த வாரம் மட்டும் மூன்று நாள் பாலர் பள்ளியிலிருந்து ஜட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். இளகலாக இருந்ததால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து ஒரு கிளினிக்கில் காட்டினோம், போக்கை நிறுத்த மருந்து கொடுத்தார்கள், இன்னும் மோசமானது. இப்போது குழந்தை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே கெட்டியாக அடைத்திருக்கிறது, அதைச் சுற்றித்தான் இளகியது வழிகிறது என்கிறார். தண்ணீரில் கலக்கும் பவுடர், முதல் சில நாள் அதிகமாக, அப்புறம் மாதக்கணக்கில் தினமும். மாமியார் விளக்கெண்ணெய் பாட்டிலை மேசையில் எடுத்து வைத்துவிட்டார். வீட்டுக்காரர், கொழுப்பு, ரெண்டு அடி போட்டால் சரியாகும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பட்டர்வொர்த் தாத்தா:
மாமியார் பேச்சைக் கேளும்மா. தோட்டத்தில் பள்ளி விடுமுறை விட்டால் எங்களுக்கு முதல் வேலை விளக்கெண்ணெய்தான், பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றுவாள், மத்தியானத்துக்குள் வயிறு சுத்தம். எவனும் மாதக்கணக்கில் பவுடர் குடிக்கவில்லை. இந்த வயதில் பழக்கினால் குடல் சோம்பேறியாகிவிடும், பிறகு மருந்தில்லாமல் போகவே போகாது. பப்பாளி கொடு, பால் புட்டியைப் பிடுங்கு.

பூச்சோங் ராணி:
ஐயா, வலிக்குப் பயந்துதான் பிள்ளை அடக்குகிறான், அவனுக்கு வயிற்றை முறுக்கும் எண்ணெயை ஊற்றினால் இன்னும்தானே பயப்படுவான்? என் மகள் நாலு வயதில் சோபாவுக்குப் பின்னால் போய்த் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்பாள், காலைப் பின்னிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து. முக்குகிறாள் என்று நினைத்து நானும் "முக்கு, முக்கு" என்பேன். அவள் முக்கவே இல்லை, வெளியே வராமல் இறுக்கிக்கொண்டிருந்தாள். அடக்க அடக்க மலக்குடல் விரிந்து, வருகிறது என்ற உணர்வே மழுங்கிவிடும். கசிந்தது அவளுக்கே தெரியாது, நாற்றம்கூடத் தெரியாது. இது தெரியாமல் நானும் அடித்திருக்கிறேன், அதை இன்றைக்கு நினைத்தாலும் தாங்கவில்லை.

பட்டர்வொர்த் தாத்தா:
உணர்வே இல்லையென்றால், பிறந்தநாள் விருந்துக்குப் போகிற அன்றைக்கு மட்டும், இதே தொந்தரவு உள்ள என் பேரன் எப்படிச் சுத்தமாகத் திரும்பி வந்தான்? கொஞ்சம் கண்டிப்பும் வேண்டும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்):
உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருநாள் கசியாது, மறுநாள் நாலு தடவை கசியும். விருந்து வீட்டைப் பார்த்து அது வருவதில்லை ஐயா.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் கொடுக்கும் இந்த மேக்ரோகோல் பவுடர் உடம்பில் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம், தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கிவிட்டுக் கூடவே வெளியே போய்விடும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப்பும் தண்ணீரை இழுத்துத்தான் வேலை செய்யும், வாயு கொஞ்சம் அதிகம். குடலைக் கெடுப்பது அடைத்துக் கிடக்கிற மலம்தான். 2014-இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலேயே, அடைப்பை எடுத்தபின் குறைந்தது 2 மாதம் மருந்து, நிறுத்துமுன் 1 மாதமாவது எந்தத் தொந்தரவும் இருக்கக்கூடாது, அதுவும் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்று இருக்கிறது. ரெண்டு நாள் நன்றாகப் போனதும் பெற்றோரே நிறுத்திவிட்டு, மூன்றாம் வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வருவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! நார்ச்சத்தும் வழக்கமான அளவு போதும், அடைத்த கல்லைப் பப்பாளி நகர்த்தாது. பால் விஷயத்தில் தாத்தா சொன்னது நியாயம், நாலு புட்டி குடித்தால் சோறு எங்கே இறங்கும்?

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் 5, 10 நிமிடம் உட்கார வையுங்கள். கால் தொங்கக்கூடாது, மைலோ டின் மாதிரி ஏதாவது காலுக்குக் கீழே வையுங்கள், முட்டி இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். பிறந்து 48 மணி நேரத்தில் முதல் மலம் போகாத பிள்ளையா, பச்சையாக வாந்தி எடுக்கிறானா, வயிறு உப்புகிறதா, எடை இறங்குகிறதா, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு பவுடரா எண்ணெயா என்று பேசவேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டர்வொர்த் தாத்தா:
முட்டி உயர வேண்டுமாம்! அதைத்தானே அந்தக் காலத்தில் குந்தி உட்கார்ந்து செய்தோம். வீட்டுக்கு வீடு நாற்காலி மாதிரிக் கட்டிவிட்டு இப்போது மைலோ டின் தேடுகிறீர்கள்.

செந்தூல் அம்மா:
மிஸ்ஸி சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இவனுக்கு இல்லை. ராத்திரி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் ஏன் போகமாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். "அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைம்மா" என்றான். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, நானும்தான். நாளைக்கு டீச்சரிடம் பேசுகிறேன். பவுடரை ரோஸ் சிரப்பில் கலந்தேன், மடமடவென்று குடித்துவிட்டான். வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்றைய ஜட்டியை அவரே அலசிப் போட்டார். மாமியார் விளக்கெண்ணெயைத் தன் தலைக்கு எடுத்துக்கொண்டார்.

பட்டர்வொர்த் தாத்தா:
பையன் தலையிலும் ரெண்டு சொட்டு வைக்கச் சொல்லும்மா. சூடு இறங்கினால் வயிறு தானாக இளகும்.