கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட்: சர்க்கரை நோய் இருந்தால் தாங்குமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி 2 வருடம் ஆகிறது. நாக்கு ஓயாமல் அந்தப் பள்ளத்தையே துழாவுகிறது. ஒரு பக்கமாகவே மென்று மென்று தாடை வலிக்கிறது. எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து, அதன் மேல் வைக்கும் செயற்கைப் பல்) தாங்குமா?

பதில் 1: சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும். முதலில் ஸ்கேன் எடுத்து அதன் உயரத்தையும் அகலத்தையும் பாருங்கள். எனக்கு எலும்புத்தூள் வைத்த பிறகுதான் டைட்டானியம் திருகைப் பொருத்தினார்கள். அது எலும்போடு ஒட்டிப் பிடிக்க 5 மாதம் காத்திருந்தேன். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

பதில் 2: புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். என் திருகு ஆடிப்போனதற்கு அதுதான் காரணம் என்றார் மருத்துவர். கழற்றிய அன்று அழுதுவிட்டேன்.

கேட்டவர்: மிக்க நன்றி. புகைப்பதில்லை. ஸ்கேனுக்கு நாள் குறித்துவிட்டேன்.