மறுமொழி: நுண்காலநிலை, பனிப்பை, சூரியப்பொறி

அனைவருக்கும் வணக்கம். நிரந்தர வேளாண்மைக்கு (பெர்மாகல்ச்சர்: இயற்கையின் போக்கை ஒட்டித் தோட்டமும் வீடும் அமைக்கும் முறை) நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியல் பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> நுண் என்றால் நுண்ணோக்கியில் பார்ப்பது போலிருக்கிறது. மைக்ரோகிளைமேட்டுக்கு ‘இடத்தட்பம்’ சரியாக வருமா?

வராது ஐயா. தட்பம் என்றால் குளிர்ச்சி மட்டும்தான், வெப்பம் வெளியே நிற்கிறது. ஒரு சிறு இடத்துக்கே உரிய காலநிலையைச் சொல்ல நுண்காலநிலை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அதைவிடக் கவலை, நிரந்தர வேளாண்மைப் பட்டியலில் அதன் கீழே வரும் சொற்கள்தான். தோட்டம் போடுகிறவருக்கும் வீடு கட்டுகிறவருக்கும் அவைதான் வேலைக்கு உதவும்.

முதலில் ‘பனிப்பை’. ஃபிராஸ்ட் பாக்கெட் என்பதை எழுத்துக்கு எழுத்து மாற்றியிருக்கிறோம். கேட்டால் குளிர்பெட்டியில் வைக்கும் ஏதோ பொட்டலம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது குளிர்காற்று தேங்கி உறைபனி விழும் இடம். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கிப் போய்த் தாழ்வான இடத்தில் நின்றுவிடுகிறது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் புல் வெளுத்துக் கிடக்கும்போது, மேலே சரிவில் இருக்கும் தோட்டம் பெரும்பாலும் தப்பிவிடுவது இதனால்தான்.

‘பனிக்குழி’ என்று ஒரு நண்பர் சொன்னது இன்னும் நல்ல சொல். ஆனால் குழியே இல்லாமலும் இது நடக்கும். சரிவின் குறுக்கே அடர்த்தியாக வேலி வைத்தால் அதன் மேல்பக்கம் குளிர்காற்று தேங்கும். உறைபனி விழாத இரவிலும் தேங்கும். அதனால் என் பரிந்துரை ‘குளிர்த்தேக்கம்’. அப்படி வைத்தால் அதற்கு மருந்தும் சொல்லிலேயே கிடைக்கிறது: வேலியில் விடும் இடைவெளி ‘குளிர்வடிகால்’.

தெர்மல் மாஸ் (வெப்பத்தைச் சேர்த்து வைத்து மெல்ல விடும் பொருள்) விஷயத்தில் ‘வெப்பநிறை’ என்றால் தமிழ்நாட்டு மாணவருக்கும் ‘வெப்பத்திணிவு’ என்றால் இலங்கை மாணவருக்கும் இயற்பியல் பாடம்தான் நினைவுக்கு வரும். ‘வெப்பத்தேக்கி’ இருவருக்கும் பொது. பாரிஸ் அருகே மோந்த்ரேயில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து சாந்து பூசிய தடித்த சுவர்களையொட்டி பீச் மரங்களைப் படரவிட்டு வளர்த்தார்களே, அந்தச் சுவர் செய்த வேலை இதுதான். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மரத்துக்குக் கொடுத்தது.

> சன் டிராப் = சூரியப்பொறி

எலிப்பொறி மாதிரி இருக்கிறது! வெயில் விழும் பக்கம் திறந்தும் மற்ற பக்கங்களில் காற்று மறைந்தும் இருக்கும் இடம்தானே இது. ‘வெயில்மடி’ எனலாம். ஆனால் சொல்லோடு விளக்கத்தையும் திருத்த வேண்டும். நிரந்தர வேளாண்மையைத் தொடங்கிவைத்த மாலிசன், ஹோம்கிரென் இருவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதியவர்கள். அங்கே வெயில்மடி வடக்கு நோக்கித் திறந்திருக்கும். ஐரோப்பாவில் தெற்கு. சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிவெயிலே வடக்கிலிருந்துதான் விழுகிறது. சமவெளியில் வெயிலை யாரும் மடியில் ஏந்தப் போவதில்லை, மேற்குச் சுவரை எப்படி மறைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு எதிர்ச்சொல்லாக ‘நிழல்மடி’யையும் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு அயல்நாடு போக வேண்டாம். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முன்னதாகவே வளர்த்து, அந்த நிழலிலும் ஈரக்காற்றிலும் கொடியை ஏற்றுகிறார்களே, அதையே எழுதலாம்.

அப்புறம், விண்ட்பிரேக்குக்கு (காற்றின் வேகத்தைக் குறைக்க நடும் மரவரிசை) ‘காற்றுச்சுவர்’ வேண்டாம். சுவர் காற்றை மேலே தூக்கி மறுபக்கம் சுழலவிடும். சவுக்கு வரிசை பாதியை உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கும். ‘காற்றுத்தணிப்பு’ எப்படி? மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள், பட்டியலை அதற்குப் பிறகு திருத்துகிறேன்.