புற்றுவாழ் நுண்ணுயிரி: ‘உட்கட்டி நுண்ணுயிரி’க்கு ஒரு மாற்று

அனைவருக்கும் வணக்கம். புற்றுநோய்க் கட்டிக்குள் காணப்படும் நுண்ணுயிரியைக் குறிக்கும் ‘intratumoral microbe’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

> மூலச்சொல்லில் ‘உள்’ளும் இருக்கிறது, ‘கட்டி’யும் இருக்கிறது. ‘உட்கட்டி நுண்ணுயிரி’ என்றே வைத்துவிட்டால் என்ன குறை?

ஐயா, குறை ‘கட்டி’யில்தான். முதுகில் கட்டி வந்தது, பழுத்து உடைந்தது என்கிறோமே, அதுவும் கட்டிதான். சீழ்க்கட்டிக்குள் பாக்டீரியா இருப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. சீழே பிடிக்காத, நம் செல்களே வரம்பு மீறிப் பெருகி உண்டாக்கிய புற்றுக்குள் பாக்டீரியா குடியிருக்கிறது என்பதுதான் இங்கே சேதி. அந்த வேறுபாட்டைக் கலைச்சொல்லே மறைத்துவிட்டால் எப்படி? போதாக்குறைக்கு, ‘உட்கட்டி’ என்றதும் ‘உள்ளே வந்த கட்டி’ என்றுதான் காதில் விழுகிறது. ‘கட்டிக்கு உள்ளே’ என்று விழவில்லை.

> ‘புற்றுக்கிருமி’ சுருக்கமான சொல். நாளிதழ்களும் உடனே எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொள்ளும், எனக்குப் பயமே அதுதான். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி நோயாளியிடமிருந்து விலகி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘கிருமி’ என்று எழுதினால் அந்த நம்பிக்கைக்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் முதல் பிரிவிலேயே சேர்த்தது. ‘கிருமி’ என்ற சொல் வேண்டுமானால் அதற்குப் பொருந்தலாம். நாம் பெயர் தேடுவது புற்றுக்குள் காணப்படுபவற்றுக்கு. அவை புற்றை உண்டாக்கியவையா, அது உண்டான பிறகு வந்தவையா என்பது பல இடங்களில் இன்னும் தீராத வழக்கு.

அவை அங்கே செய்யும் வேலையும் ஒன்றுபோல் இல்லை. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்பது வாயில் வாழும் பாக்டீரியா. பெருங்குடல் புற்றில் அது மிகுந்து காணப்படுவதை 2012இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் புற்றுச் செல்லின் மேலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. அதே புரதம் நோயெதிர்ப்புச் செல்லின் ‘நிறுத்து’ பொத்தானையும் அழுத்திவிடுகிறது. தாக்க வந்த செல் கைகட்டி நிற்கிறது. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றிலும் இந்தப் பாக்டீரியா கூடவே போய்ச் சேர்ந்திருந்ததை 2017இல் கண்டார்கள். அந்தப் பாக்டீரியா உள்ள மனிதப் புற்றை எலிகளில் வளர்த்து, பாக்டீரியாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மருந்தைக் கொடுத்தபோது புற்றின் வளர்ச்சி குறைந்தது.

கணையத்துக்கு வந்தால் கதை வேறு. அதே 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில், 113 கணையப் புற்று மாதிரிகளில் 86இல் பாக்டீரியா இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஜெம்சிட்டபின் என்ற புற்றுநோய் மருந்தைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கக்கூடிய வகையைச் சேர்ந்தவை. இங்கே எழும் கேள்வி, மருந்து புற்றுச் செல்லை அடையும் முன்பே பாக்டீரியா அதைத் தின்றுவிடுகிறதா என்பது.

மார்பகப் புற்றில் இன்னொரு விதம். 2022இல் எலிகளில் செய்த ஆய்வில், பாக்டீரியாவை ஒழித்தபோது மூலப் புற்று சிறுக்கவில்லை. ஆனால் நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. இரத்த ஓட்டத்தின் அழுத்தத்தில் செல் நைந்து போகாமல் தாங்க, உள்ளே இருக்கும் பாக்டீரியா துணைபோகிறதாம்.

ஓரிடத்தில் அடியாள், ஓரிடத்தில் மருந்துத் திருடன், ஓரிடத்தில் வழித்துணை. இத்தனை தொழில் பார்ப்பவற்றுக்குத் தொழிற்பெயர் சூட்ட முடியாது. ‘புற்று ஒட்டுண்ணி’ என்ற பரிந்துரையும் இதனாலேயே அடிபடுகிறது. எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

என் பரிந்துரை: புற்றுவாழ் நுண்ணுயிரி.

நீர்வாழ், நிலவாழ் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பழகிய அச்சு என்பதால் விளக்கம் தேவைப்படாது. ‘வாழ்’ இங்கே வினைத்தொகை. வாழ்ந்த, வாழ்கிற, வாழும் என்று மூன்று காலத்துக்கும் இடம்கொடுக்கும். முன்பே இருந்ததா, பின்னால் வந்ததா என்ற வழக்கில் சொல் எந்தப் பக்கமும் சாயாது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையும் ‘புற்று’ என்றதும் தானாக நினைவுக்கு வரும் (இங்கே பாம்பு முதலிலேயே உள்ளே இருந்ததா என்ற சந்தேகமும் உண்டு என்பது வேறு விஷயம்).

‘புற்றக நுண்ணுயிரி’ என்றும் யோசித்துப் பார்த்தேன். மருந்தகம், நூலகம் வரிசையில் ‘புற்றகம்’ மருத்துவமனைப் பெயர்போல் ஒலித்தது. விட்டுவிட்டேன்.

---

அண்ணா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ‘வாழ்’ என்பது பெரிய உரிமைகோரல் இல்லையா? முப்பதுக்கும் மேற்பட்ட புற்றுவகைகளில் நுண்ணுயிரிகளின் டிஎன்ஏ கிடைத்ததாக 2020இல் வந்த கட்டுரை 2024இல் திரும்பப் பெறப்பட்டதே. கிடைத்ததெல்லாம் வாழ்ந்தது என்று எப்படிச் சொல்வது? அப்புறம், இரத்தப்புற்றில் குடியிருக்கப் ‘புற்று’ ஏது?

---

இரண்டும் சரியான அடி, அம்மா.

அந்தக் கட்டுரையில், மனித டிஎன்ஏவின் துண்டுகளே பாக்டீரியாவுடையவை என்று கணக்கில் ஏறியிருந்ததை 2023இல் வேறொரு குழு எடுத்துக்காட்டியது. கணினியில் எழுத்துவரிசையை ஒப்பிட்டு மட்டும் கண்டதை ‘வாழ்’ என்று எழுதக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 2020இல் வந்த வேறொரு ஆய்வை மறந்துவிட வேண்டாம். ஏழு புற்றுவகைகள், 1526 திசு மாதிரிகள். வெளியிலிருந்து கலந்ததைக் கழிக்க நூற்றுக்கணக்கான ஒப்பீட்டு மாதிரிகளையும் வைத்திருந்தார்கள். சாயமேற்றிப் பார்த்தபோது பாக்டீரியா பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருந்தது. மார்பகப் புற்றிலிருந்து உயிருள்ள பாக்டீரியாவை வளர்த்தும் காட்டினார்கள். அந்த வகைச் சான்று உள்ள இடத்தில் ‘புற்றுவாழ்’ தகும். டிஎன்ஏ மட்டும் கிடைத்த இடத்தில் ‘நுண்ணுயிரித் தடம்’ என்று பிரித்து எழுதலாம்.

இரத்தப்புற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. திரண்டு நிற்கும் புற்றுகளுக்கு மட்டும் என்று பதிவில் ஒரு குறிப்பு சேர்த்துவிடலாம்.

மொத்தமாகச் சொல்ல ‘புற்றுவாழ் நுண்ணுயிர்த் தொகுதி’. ‘பாக்டீரியா’ என்று குறுக்காததற்குக் காரணம், 2022இல் பூஞ்சைகளும் இந்தப் பட்டியலில் ஏறிவிட்டன.

---

தம்பி, ‘உட்கட்டி’யைத் திரும்பப் பெறுகிறேன். சீழ்க்கட்டி எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ‘தடம்’ வேண்டாம்; வழி என்றும் பொருள்படும், பரவும் பாதை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். ‘நுண்ணுயிரிச் சுவடு’ என்று வையுங்கள். நடந்தவர் போய்விட்டாலும் சுவடு கிடக்கும். சில நேரம் அது வேறொருவர் சுவடாகவும் இருந்துவிடும்.