ஊசி குத்தினதே உறைக்கலைங்க: கீமோவும் மரத்துப்போன விரல்களும்

தையல்காரி, ஈரோடு

எனக்கு மார்பகப் புற்றுங்க. ஆபரேஷன் முடிஞ்சு கீமோ, அதாவது புற்றுக்கு ஏத்துற மருந்து. முதல்ல நாலு தடவை சிவப்பு கலர்ல ஒரு மருந்து, அப்புறம் வாராவாரம் பாக்லிடாக்செல்னு இன்னொரு மருந்து, அது மொத்தம் 12 தடவை. வாந்திக்கும் முடி கொட்டுறதுக்கும் மனசைத் தேத்தி வச்சிருந்தேன். கை கால் இப்படி மரத்துப்போகும்னு எனக்குத் தெரியாதுங்க.

அஞ்சாவது வாரம் கால் பெருவிரல்ல ஆரம்பிச்சுது. தரையெல்லாம் மணல் கிடக்குற மாதிரி. ரெண்டு தடவை வீட்டைக் கூட்டினேன். தரை சுத்தமாத்தான் இருந்துச்சு. எட்டாவது வாரம் சந்தனக் கலர் பிளவுஸ் ஒண்ணுக்கு ஹூக் வச்சுக்கிட்டு இருந்தேன். ஓரத்துல சிவப்பா ஒரு புள்ளி. நூல் சாயம் போகுதுன்னு நினைச்சேன். திருப்பிப் பார்த்தா ஆள்காட்டி விரல்ல ஊசி ஏறி நிக்குது. 22 வருஷமா தைக்கிறேன், ஊசி பட்டா விரல் தானா வாய்க்குப் போகும். அன்னிக்குப் போகலை. வலிக்கலையேன்னு உக்காந்து அழுதேன்.

ராத்திரியானா நேர் எதிர். பாதம் எரியும், போர்வை உரசினாலே சுருக்குங்கும். மரத்த கால் எப்படி எரியும்னு வீட்டுக்காரர் கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல?

டாக்டர்கிட்ட மறைச்சுட்டேங்க. சொன்னா மருந்தை நிறுத்திருவாங்க, நோய் திரும்பிரும்னு பயம். கேட்டா "பரவால்லைங்க சார்". பத்தாவது தடவை ஒத்தைச் செருப்போட ஆஸ்பத்திரிக்குள்ள போய் நின்னேன். இன்னொண்ணு படியிலயே கழண்டிருக்கு, எனக்குத் தெரியலை. நர்ஸம்மா பார்த்துட்டுப் போய்ச் சொல்ல, அன்னிக்கே டோஸைக் குறைச்சாங்க. நரம்புக்குள்ள சாமான் போற மெல்லிசுக் குழாய்களை இந்த மருந்து கெட்டிப்படுத்திருதாம். இருக்குறதுலயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போறதுதான், அதனால அங்கதான் முதல்ல பிடிக்குமாம். அஞ்சாவது வாரமே சொல்லியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு டாக்டர் திட்டினாரு. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்துச்சு?

அப்பாவுக்காக எழுதுறவன், மதுரை

எங்கப்பாவுக்குப் பெருங்குடல்ல புற்று. ஆக்ஸாலிபிளாட்டின்னு ஒரு கீமோ மருந்து ஏத்தினாங்க. முதல் தடவை ஏத்தின மறுநாள், சித்திரை வெயில், பிரிட்ஜைத் திறந்து மோர்ச் சொம்பை எடுத்தார். கரண்ட் அடிச்ச மாதிரி கீழே போட்டார். அதோட விட்டாரா? இன்னொரு சொம்புல ஊத்தி ஒரு வாய் குடிச்சும் பார்த்தார். தொண்டையை யாரோ நெரிக்கிற மாதிரி, மூச்சே வரலைன்னு கண்ணு பிதுங்கிருச்சு. அலறிக்கிட்டு ஓடினோம். மூச்சுக்குழாய் நல்லாத்தான் இருக்கு, குளிர்ச்சி பட்டதுல நரம்பு பண்ற வேலைன்னு சொல்லி வெதுவெதுப்பா தண்ணி குடுத்தாங்க. இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அஞ்சு நாளைக்கு அம்மா பிரிட்ஜ் கைப்பிடியில கயிறு கட்டி வச்சிருவாங்க.

மருந்து முடிஞ்சா சரியாயிரும்னு நினைச்சோம். முடிஞ்சு மூணு மாசம் மரப்பு கூடிக்கிட்டேதான் போச்சு. இந்த மாதிரி பிளாட்டினம் வகை மருந்துல அப்படி ஆகுறது உண்டாம். இப்ப ஒண்ணரை வருஷம். சட்டைப் பட்டன் போட்டுக்கிறார். சில்லறையை மட்டும் மேசையில பரப்பிக் கண்ணால எண்ணுறார்.

ஒரு அம்மா, தஞ்சாவூர்

என் பையனுக்கு ரத்தப் புற்று, அப்போ ஆறு வயசு. வின்கிரிஸ்டின்னு ஒரு கீமோ மருந்து போட்டாங்க. தாடை வலிக்குதுன்னு சாப்பிட மாட்டேன்னான். அடம் பிடிக்கிறான்னு அடிச்சுட்டேன். அது மருந்தால வர்ற வலின்னு பிறகுதான் தெரிஞ்சது. அடுத்து நாலு நாள் மலம் போகலை, குடல் நரம்பையும் இது விடாதாம். அப்புறம் முன்பாதத்தைத் தூக்க முடியாம தரையில அறைஞ்சு அறைஞ்சு நடந்தான். பிசியோதெரபி குடுத்தோம். இப்ப ஓடுறான்.

இன்னொண்ணு. வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியில இருந்து எடுக்கிறதுதான். எங்க வாசல்லயே பூத்து நிக்குது. பக்கத்து வீட்டம்மா இலையைக் கஷாயம் வச்சுக் குடுக்கச் சொன்னாங்க. யாரும் செஞ்சுடாதீங்க, அந்தச் செடி விஷம்.

சர்க்கரைக்காரன், திருச்சி

எனக்கு ஏற்கெனவே சர்க்கரை, அதனால கீமோவுல நரம்பு இன்னும் சீக்கிரம் பட்டுப்போச்சு. எரிச்சலுக்கு டாக்டர் டுலாக்ஸெடின்னு ஒரு மாத்திரை எழுதினார். மன அழுத்தத்துக்குக் குடுக்கிற மாத்திரைன்னு மருந்துக் கடைப் பையன் சொன்னதும் கோபம் வந்து, ஒரு வாரம் தொடவே இல்ல. பிறகு கேட்டேன். கீமோவால வர்ற நரம்பு வலிக்கும் அதைத்தான் குடுப்பாங்களாம். எரிச்சல் பாதி அடங்குச்சு, மரப்பு அப்படியே இருக்கு. வலிக்குத்தான் கேக்கும்னு அவரே சொல்லியிருந்தார். நண்பர் ஒருத்தர் நரம்புக்கு நல்லதுன்னு அசிடைல் எல்-கார்னிடைன்னு ஒரு சத்து மாத்திரை வாங்கிக் குடுத்தார். டாக்டர் பார்த்ததுமே வேண்டாம்னுட்டார். கீமோவோட சேர்த்து எடுத்தவங்களுக்கு நரம்புக் கோளாறு கூடினதா ஆய்வே இருக்காம்.

வெந்நீர்ப் பை ஒத்தடம் குடுக்கிறவங்க சூட்டை வேற யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நான் ராத்திரி வச்சுட்டுத் தூங்கி, கொப்புளத்தைக் காலைலதான் பார்த்தேன்.

தையல்காரி, ஈரோடு

எல்லாருக்கும் நன்றிங்க. தஞ்சாவூர் அம்மா, பையனை அடிச்சதை நினைச்சு வருத்தப்படாதீங்க, தெரிஞ்சா செஞ்சீங்க?

இப்ப ஹூக் வேலையெல்லாம் மகள் பார்த்துக்கிறா. மோட்டார் மெஷின்ல எவ்வளவு அழுத்துறேன்னு கால் சொல்ல மாட்டேங்குது, துணியை இழுத்துக்கிட்டுப் பறக்குது. அதனால பரண் மேல கிடந்த பழைய மிதி மெஷினை இறக்கி எண்ணெய் விட்டிருக்கேன். பாதம் பலகையில இருக்கான்னு குனிஞ்சு ஒரு பார்வை பார்த்துட்டு மிதிக்கிறேன். நேத்து ரெண்டு பாவாடை ஓரம் அடிச்சேன்.